டிரை கேபினட்டில் எண் இறங்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "அண்ணே, புதுப் பெட்டி, நாலு நாளா 68-லயே நிக்குது." பெட்டி என்பது டிரை கேபினட், கேமராவையும் லென்ஸையும் ஈரம் அண்டாமல் வைக்கும் மின்சாரப் பெட்டி. 68 என்பது அதற்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதம், சதவீதத்தில். பேசுகிற தம்பி இப்போதுதான் கல்யாணப் படம் எடுக்க வந்தவனாக இருப்பான். கடன் வாங்கி லென்ஸ் வாங்கியிருப்பான், அதைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் கடன் வாங்கி டிரை கேபினட்டும் வாங்கியிருப்பான். வீடு சென்னையில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. அவனுக்குப் போனில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் பெட்டியில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

எதற்கும் முன்னால்: மீட்டரைச் சோதியுங்கள்

என் முதல் பெட்டி 30 லிட்டர். எப்போது பார்த்தாலும் முகப்பில் 52 காட்டும். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினேன். தை மாதம் ஒரு வேலைக்காக 50 எம்எம் லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே சிலந்தி இழை போல ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. அப்புறம்தான் தனியாக ஒரு ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்கும் மீட்டர்) வாங்கிச் சோதித்து உள்ளே வைத்தேன். பெட்டி 52 என்றது, மீட்டர் 66 என்றது. அந்த 14 புள்ளியில் போனது என் லென்ஸ் கண்ணாடியின் மேல்பூச்சு (கோட்டிங்).

ஆகவே சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று தனியாக வாங்குங்கள். அதையும் அப்படியே நம்ப வேண்டாம், விலை குறைந்த மீட்டர்கள் 5 புள்ளி வரை தவறுவது சாதாரணம். சோதிக்கச் சமையலறை உப்பு போதும். சோடா பாட்டில் மூடியில் முக்கால் பங்கு தூள் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரைந்துவிடாமல் ஈரமணல் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். கல் உப்பு வேண்டாம், அதில் மக்னீசிய உப்பும் கலந்திருக்கும் என்பதால் கணக்கு தவறும். அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் லாக் கவரில், உப்பு மீட்டரில் படாதபடி வைத்து மூடி, ஏசி இல்லாத அறையில் ஒரு ராத்திரி விடுங்கள். ஈர உப்போடு அடைபட்டிருக்கும் காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் வந்து நிற்கும். நம் ஊர் வெப்பநிலைகளில் இது ஏறக்குறைய மாறாது. காலையில் மீட்டர் 72 காட்டினால் "3 குறைவாகக் காட்டும்" என்று எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். இனி பெட்டியின் எண்ணை விட்டுவிட்டு இந்த மீட்டரை வைத்தே பேசலாம்.

குறி 40 முதல் 50 வரை. 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஃபங்கஸுக்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரி. 70-க்கு மேல் அது வேகமாக வளரும். அதற்குப் பிடித்த வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி, அதாவது நம் வீட்டு அறையின் வெப்பநிலை.

அறிகுறி: எண் இறங்கவே மாட்டேன் என்கிறது

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் விளங்கிவிடும். 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், 80 லிட்டர் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் மொத்த நீர் சுமார் 2 கிராம். அதை 45 சதவீதத்துக்கு இறக்க ஒரு கிராமுக்கும் குறைவான நீரை வெளியேற்றினால் போதும். எந்த மலிவான பெட்டியும் இதைச் செய்துவிடும். நாலு நாளாகியும் இறங்கவில்லை என்றால் ஈரம் வேறு எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது, அல்லது பெட்டி வேலையே செய்யவில்லை.

எது என்று தெரிய, பெட்டியை முழுக்கக் காலி செய்யுங்கள். சோதித்த மீட்டர் மட்டும் உள்ளே இருக்கட்டும். கதவை மூடிவிட்டு 24 மணி நேரம் திறக்கவே கூடாது.

காலிப் பெட்டி ஒழுங்காக 45-க்கு இறங்கிவிட்டால் குற்றவாளி நீங்கள் உள்ளே வைத்த சாமான்தான். மேலே சொன்ன தம்பியின் பெட்டியை நேரில் போய்த் திறந்து பார்த்தேன். லென்ஸ் ஒவ்வொன்றும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, வாங்கும்போது வந்த அட்டைப் பெட்டியிலேயே இருந்தது. கீழ்த் தட்டில் தோல் பட்டை வைத்த கேமரா பை. அவ்வளவு அக்கறையாக அடுக்கியிருந்தான், பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. 200 கிராம் பருத்தித் துணி மழைக்காலக் காற்றில் சுமார் 20 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அட்டை, தோல், மரம் எல்லாம் இதே ரகம். ஒரு கிராம் நீரை எடுக்க வேண்டிய பெட்டி, துணியிலிருந்து கசியும் 20 கிராமோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. துணி, அட்டை, பை, அகலமான துணி ஸ்ட்ராப் எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். லென்ஸை மட்டும் மூடிகளோடு தட்டில் வைத்தோம். மறுநாள் மாலை 49 என்று போட்டோ அனுப்பினான்.

காலியாக இருந்தும் இறங்கவில்லையா? அடுத்தது கதவு. ஒரு துண்டு நோட்டுப் பேப்பரைக் கதவு விளிம்பில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போய்வருகிறது. நாலு பக்கமும், முக்கியமாக மூலைகளில், இப்படிப் பாருங்கள். ரப்பர் பீடிங்கில் தூசு படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பீடிங் ஓரிடத்தில் அமுங்கிக் கிடந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி விரலால் நீவி எழுப்பலாம், ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகள் செய்வதுதான். இன்னொன்று பலரும் கவனிக்காதது: தரை சமமாக இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பே லேசாக முறுக்கிக்கொண்டு, கதவின் ஒரு மூலை சரியாக உட்காராது. கால்களைத் திருகியோ அட்டை சொருகியோ சமப்படுத்துங்கள். வயர் போக முதுகில் ஓட்டை இருந்தால் அதன் ரப்பர் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கதவும் சரி என்றால் ஈரம் உறிஞ்சும் பகுதியைப் பார்க்க வேண்டும். இதற்கு உங்கள் பெட்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். பெல்டியர் வகையில் ஒரு சின்னத் தகடு உள்பக்கம் குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதில் நீராகப் படியும். அந்த நீர் திரி வழியாக வெளிப்பக்கம் போய், அங்கே இருக்கும் சூட்டில் ஆவியாகும். ஆகவே முதுகைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். சில்லென்று இருந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். பல பெட்டிகள் 12 வோல்ட் அடாப்டரில்தான் ஓடுகின்றன, சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். வோல்ட் மட்டுமல்ல, ஆம்பியரும் பழையதற்குக் குறையாமல், பின்னின் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறாமல் பார்த்து வாங்குங்கள். புது அடாப்டர் போட்டும் சூடு வரவில்லை என்றால் தகடு போய்விட்டது.

உறிஞ்சி வகை வேறு மாதிரி. உள்ளே இருக்கும் ஜியோலைட் அல்லது சிலிக்கா ஜெல் சில மணி நேரம் பெட்டிக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பிறகு உள்பக்கச் சின்னக் கதவு மூடி, வெளிப்பக்கக் கதவு திறந்து, ஹீட்டர் அதைச் சூடாக்கி ஈரத்தை வெளியே துரத்தும். அந்த நேரத்தில் மட்டும் முதுகு நன்றாகச் சுடும், மற்ற நேரம் சாதாரணமாக இருக்கும். ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுச் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு நாளில் ஐந்தாறு தடவை தொட்டுப் பாருங்கள். சூடாகிறது, ஆனாலும் எண் இறங்கவில்லை என்றால் சின்னக் கதவு சிக்கியிருக்கலாம். அது நேராக 230 வோல்ட்டில் ஓடும் பகுதி, நீங்களே பிரிக்காதீர்கள், சர்வீஸுக்குக் கொடுங்கள்.

அறிகுறி: எண் சரியாக இருக்கிறது, ஆனாலும் லென்ஸுக்குள் ஏதோ தெரிகிறது

பதறுவதற்கு முன் நன்றாகப் பாருங்கள். அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி போகும் துளை) முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பார்க்க வேண்டும். தனித்தனிப் புள்ளி என்றால் தூசு, விட்டுவிடுங்கள், படத்தில் வராது. ஓரத்தில் தொடங்கி வேர் போலக் கிளை விட்டுப் போகும் இழைகள் என்றால் ஃபங்கஸ். கண்ணாடி முழுக்க ஒரே சீராகப் பால் தெளித்த மாதிரி மங்கலாக இருந்தால் அது பெரும்பாலும் லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸின் எண்ணெய் ஆவியாகிப் படிந்தது, பழைய லென்ஸ்களில் சகஜம். ஓரத்திலிருந்து வெள்ளி நிறத்திலோ வானவில் நிறத்திலோ திட்டு பரவினால் ஒட்டியிருந்த இரண்டு கண்ணாடிகள் பிரிகின்றன. கடைசி இரண்டுக்கும் உங்கள் பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

ஃபங்கஸ்தான் என்றால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். டிரை கேபினட் ஃபங்கஸைக் கொல்லாது. வளர்ச்சியை நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே விதை விழுந்த லென்ஸை உள்ளே வைத்துவிட்டுக் குணமாகும் என்று காத்திருந்தால், இழை அங்கேயே கிடக்கும். அது வளரும்போது சுரக்கும் அமிலம் கோட்டிங்கையும் கண்ணாடியையும் அரிக்கிறது. அரித்த தடம் துடைத்தாலும் போகாது. அதனால்தான் சீக்கிரம் சுத்தம் செய்யச் சொல்கிறேன். முன் கண்ணாடியின் வெளிப்பரப்பில் இருந்தால் லென்ஸ் பேப்பரில் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைக்கலாம். உள்ளே இருந்தால் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இழை மெலிதாக இருக்கும்போதே கொடுத்த லென்ஸ்கள் தடமே இல்லாமல் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெயிலில் காட்டினால் செத்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். ஃபங்கஸைக் கொல்லும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் கண்ணாடியே தடுத்துவிடும். மறுபக்கம் லென்ஸ் பூதக்கண்ணாடி வேலை செய்து அப்பர்ச்சர் இதழைப் பொசுக்கும், கிரீஸை உருக்கிக் கண்ணாடியில் ஏற்றும். பீரோவில் பாச்சை உருண்டையோடு லென்ஸ் வைப்பதும் இதே மாதிரிதான். அது பூச்சிக்கு, அந்த ஆவி கண்ணாடியில் படிவதுதான் மிச்சம்.

பலர் கேட்பது: ஃபங்கஸ் வந்த லென்ஸை மற்றவற்றோடு வைக்கலாமா? அதன் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அது முளைப்பதற்கு வேண்டியது ஈரம். பெட்டி 45-ல் நின்றால் பக்கத்து லென்ஸுக்குத் தொற்றும் என்று பயப்படத் தேவையில்லை. என்றாலும் நான் சுத்தம் செய்து வரும்வரை தனி டப்பாவில் வைப்பேன், மனசு கேட்காது.

ரப்பர் கிரிப்பில் வெள்ளையாகப் பூத்திருப்பது எல்லாம் ஃபங்கஸ் இல்லை. ரப்பருக்குள் இருக்கும் பொருள்களே வெளியே வந்து மாவு போலப் படியும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஃப்ளாஷின் பேட்டரி அறையில் வெள்ளைப் பொடி இருந்தால் அது செல் கசிந்தது. உள்ளே வைக்கும் எதிலும் செல் இருக்கக் கூடாது.

அறிகுறி: காலையில் ஒரு எண், ராத்திரி ஒரு எண்

பெட்டி இருக்கும் அறையில் ஏசி போடுகிறீர்களா? ஈரத்தின் அளவு மாறாமலே வெப்பநிலை இறங்கினால் சதவீதம் ஏறும். 30 டிகிரியில் 50 காட்டும் காற்றை 25 டிகிரிக்குக் குளிர வைத்தால், ஒரு சொட்டு நீர்கூட உள்ளே வராமலே 67 காட்டும். நல்ல பெட்டி சில மணி நேரத்தில் அதைத் திரும்ப இழுத்துவிடும். இரவில் ஏறிக் காலைக்குள் இறங்கினால் கவலையில்லை. ஏறியது அப்படியே நின்றால் "எண் இறங்கவே மாட்டேன் என்கிறது" என்ற தலைப்புக்குப் போங்கள். உறிஞ்சி வகையில் ஹீட்டர் ஓடும்போது நாலைந்து புள்ளி ஏறி இறங்குவதும் இயல்பு.

பெட்டியை வெயில் படும் ஜன்னலோரத்திலும், குளியலறைக் கதவுக்கு எதிரிலும் வைக்காமல் இருந்தால் இந்த ஆட்டம் பாதி குறையும்.

அறிகுறி: எடுத்து வெளியே போனவுடன் லென்ஸ் பனித்துவிடுகிறது

இது பெட்டியின் கோளாறு இல்லை, ஆனால் பெட்டியைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். வெளியே 30 டிகிரி, 80 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஏசி அறையில் 23 டிகிரியில் ராத்திரி முழுக்க இருந்த லென்ஸை விடிகாலையில் மண்டப வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்கு நீட்டினால் படம் முழுக்கப் புகைதான். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேமராவைப் பையில் வைத்து, ஜிப்பை முழுக்க மூடி, ஏசி இல்லாத ஹாலில் வைத்துவிடுங்கள். மெல்லச் சூடேறட்டும். பனித்துப் போனால் துடைத்துக்கொண்டே இருக்காமல் பத்துப் பதினைந்து நிமிஷம் விடுங்கள். அந்த நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள், சென்சாரும் பனிக்கும்.

அதேபோல, மெரினாவில் எடுத்துவிட்டு வந்த கேமராவை அப்படியே பெட்டிக்குள் தள்ளாதீர்கள். உப்புக்காற்றின் பிசுபிசுப்பை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்திவிட்டு வையுங்கள்.

அறிகுறி: 25, 28 என்று ரொம்ப இறங்குகிறது

முதலில் மீட்டர் (உப்புச் சோதனை). உண்மை என்றால் திருகையோ பட்டனையோ 45-க்கு ஏற்றுங்கள். ரொம்ப உலர்ந்த காற்றில் பழைய கேமராக்களின் தோல் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பாக விரியும் பகுதி) வெடிக்கும், நெகட்டிவும் பழைய பிரிண்டும் சுருண்டுகொள்ளும். குடும்பத்துப் பழைய நெகட்டிவ்கள் இருந்தால் அவற்றையும் பெட்டிக்குள் வையுங்கள். ஜெலட்டின் பூச்சு ஃபங்கஸுக்கு நல்ல சாப்பாடு, பீரோவில் கிடந்தால் மிஞ்சாது.

அறிகுறி: பின்னால் தண்ணீர் சொட்டுகிறது, அல்லது தொட்டால் ஷாக்

தண்ணீர் என்றால் பெல்டியர் வகை. திரியில் தூசு அடைத்திருக்கும், அல்லது முதுகு சுவரோடு ஒட்டி ஆவியாகக் காற்று கிடைக்காது. ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஷாக் என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கும்வரை பெட்டியைப் போடாதீர்கள்.

அறிகுறி: கரன்ட் போய்விட்டது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரன்ட் இல்லை. என்னுடையது உறிஞ்சி வகை. கதவைத் திறக்கவே இல்லை, சுற்றிலும் செல்லோ டேப் ஒட்டினேன். கண்ணாடி வழியாகத் தெரிந்த மீட்டர் 43-லிருந்து 51-க்குத்தான் ஏறியது. பீடிங் நன்றாக இருந்தால் பெட்டி சும்மாவே தாங்கும். பெல்டியர் வகையில் தகட்டில் ஏற்கெனவே படிந்திருக்கும் ஈரம் உள்ளேயே திரும்பி வரும், கொஞ்சம் வேகமாக ஏறும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் அரைக் கிலோ ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லை ஒரு கிண்ணத்தில் உள்ளே வைத்து மூடிவிடுங்கள். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரை அது வாங்கிக்கொள்ளும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கிறது, வீட்டுக்குள் அது வேண்டாம். ஆரஞ்சு பச்சையானதும் 110, 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் பழையபடி ஆகிவிடும்.

எதுவும் சரிவரவில்லை, புதுசுதான் வாங்க வேண்டும் என்றால்

கடலோர ஊர்களுக்கு நான் உறிஞ்சி வகையைத்தான் சொல்வேன். விலை கூடுதல், ஆனால் கரன்ட் கட்டிலும் தாங்கும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், குளிர்ந்த காற்றில் பெல்டியர் திணறும். நெய்வேலி, மதுரை மாதிரி உள்நாட்டில், இரண்டு மூன்று லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நல்ல பெல்டியர் பெட்டி போதும்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்று இருப்பதைப் போல இரண்டு மடங்கு இடம் எடுங்கள். லிட்டரை மட்டும் பார்க்காமல் தட்டுகளுக்கு இடையே உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள், 70-200 எம்எம் ஜூம் லென்ஸ் ஹூடோடு நிமிர்ந்து நிற்க வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரு துண்டுப் பேப்பரையும் சோதித்த மீட்டரையும் கொண்டு போங்கள். கதவின் நாலு பக்கமும் பேப்பரை இழுத்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் உங்கள் மீட்டரை அரை மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். உறிஞ்சும் பகுதி மட்டும் தனியாக மாற்றக் கிடைக்குமா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் காலியாக ஓட விட்டுப் பிறகு அடுக்குங்கள்.

பெட்டி வாங்க இப்போது பணம் இல்லாத தம்பிகளுக்கு: நாலு பக்கமும் கிளிப் வைத்து, மூடியில் சிலிகான் வளையம் உள்ள பெரிய சாப்பாட்டு டப்பா ஒன்று, 200 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல், சோதித்த மீட்டர் ஒன்று. ஒரு கேமரா பாடி, இரண்டு லென்ஸுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். கல்லூரியில் படித்தபோது நாலு வருஷம் இப்படித்தான் வைத்திருந்தேன். அரிசியைப் போடாதீர்கள், மாவு பறக்கும், வண்டு வரும், ஈரம் பெரிதாகக் குறையாது. மீட்டர் வெளியிலிருந்து தெரியும்படி பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள், பார்ப்பதற்காகத் திறக்க வேண்டியிருக்காது. மூடும்போது அந்த வளையத்தை ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் அந்த வழியாக ஈரம் உள்ளே வரும்.